அது அம்மை இல்லை

முதலில் அதைப் பால் என்றுதான் நினைத்தேன்.

மகளுக்கு அப்போது மூன்றாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. குத்துக்கல்வலசையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குக் கிழக்கு வாசல். காலை வெயில் கம்பிக் கதவு வழியாக நேரே உள்ளே வந்து விழும். பால் கொடுத்துவிட்டு அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே வாசல் பக்கம் வந்தேன். வாயைத் துடைக்க முகத்தைத் திருப்பியபோது வலது கண்ணின் கருமணிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தது. கக்கிய பால் தெறித்திருக்கிறது என்று சேலைத் தலைப்பை நனைத்து மெல்ல ஒற்றினேன். போகவில்லை. இன்னொரு தடவை ஒற்றினேன். அவள் சிணுங்கினாள். பொட்டு கண்ணின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

என் கணவர் எலக்ட்ரீசியன். தென்காசியில் ஒரு புதுவீட்டில் வயரிங் வேலையில் இருந்தார். போனில் கூப்பிட்டேன்.

“ஏங்க, கொஞ்சம் வீடு வரைக்கும் வாங்க.”

“ஏணி மேல நிக்கேன் ட்டி. என்ன விஷயம்?”

“புள்ள கண்ணுக்குள்ள என்னமோ இருக்கு.”

வேறு எதுவும் கேட்காமல் வந்துவிட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் வைத்திருப்பார். நான் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவர் தள்ளி நின்று வெளிச்சத்தை அடித்தார். வலது கண்ணைப் பார்த்தார். பிறகு இடது கண்ணைப் பார்த்தார். டார்ச்சை அணைத்து மறுபடி போட்டார்.

“இந்தக் கண்ணுலயும் இருக்கு ட்டி” என்றார். அவர் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

அன்றைக்கே தென்காசியில் ஒரு கண் டாக்டரிடம் போனோம். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் வயதானவர்கள். சொட்டு மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள். கைக்குழந்தையோடு போன எங்களை, யாருக்குத் துணையாக வந்திருக்கிறோம் என்று ஒரு அம்மா விசாரித்தார்கள். டாக்டர் வெகுநேரம் பார்க்கவில்லை. லைட்டை இப்படியும் அப்படியும் அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கண்புரை. ரெண்டு கண்ணுலயும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே சிரித்துவிட்டேன். ஏதோ வேறு ஆளின் சீட்டைப் பார்த்துச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது.

“புரையா? அது வயசானவுகளுக்குல்லா டாக்டர் வரும்?”

“பிறக்கும்போதே சில குழந்தைகளுக்கு இருக்கும்மா. இதுக்கான ஆபரேஷனை நான் செய்ய முடியாது. திருநெல்வேலியில குழந்தைகளுக்குன்னு தனியா பார்க்குற இடத்துக்கு எழுதித் தர்றேன். நாளைக்கே போங்க. அடுத்த வாரம்னு தள்ளாதீங்க.”

அவசரம் ஏன் என்று என் கணவர் கேட்டார். இத்தனூண்டு பிள்ளை, கொஞ்சம் வளர்ந்த பிறகு செய்தால் உடம்பு தாங்காதா என்று அவருக்கு நினைப்பு. டாக்டர் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. கண் பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம், பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை, அது கற்றுக்கொள்கிற காலம் இதுதான், இப்போது வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் பிற்பாடு கதவைத் திறந்தும் பிரயோஜனம் குறைவு என்றார். பிள்ளை என் மடியில் கட்டை விரலைச் சப்பிக்கொண்டு, அவர் பேசுகிற திசைக்குத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். நான் பேசினால் சிரிப்பாள். பேசாமல் குனிந்து பார்த்தால் சிரிக்க மாட்டாள். அதை நான் சமர்த்து என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை ரயிலில் திருநெல்வேலிக்குப் போனோம்.

அந்த ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்குள் நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். உலகத்தில் என் மகளுக்கு மட்டும்தான் இப்படி என்று ரயிலில் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தவள் நான். அங்கே பெஞ்சு பெஞ்சாகக் குழந்தைகள். ஒரு கண்ணில் பிளாஸ்திரி ஒட்டிய குழந்தை, முகத்தை விடப் பெரிய கண்ணாடி போட்டுத் தலைக்குப் பின்னால் நாடா கட்டிய குழந்தை, சொட்டு மருந்துக்குக் கத்திக்கொண்டு ஓடுகிற குழந்தை. பெற்றவர்கள் அரட்டையடித்துக்கொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். இவர்களால் எப்படித் தின்ன முடிகிறது என்று எனக்குக் கோபமாக வந்தது. பிற்பாடு நானும் அதே பெஞ்சில் உட்கார்ந்து தின்றிருக்கிறேன்.

அங்கே பார்த்தது ஒரு பெண் டாக்டர். நிறையக் கேள்வி கேட்டார். கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சலோடு தடிப்பு வந்ததா, மாத்திரை ஏதும் சாப்பிட்டேனா, நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிள்ளைக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார். அது முடிந்ததும் எங்களைப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொருத்தரா இந்த மெஷின் முன்னாடி உட்காருங்க” என்றார்.

எங்களுக்கு எதற்கு என்று புரியவில்லை. முதலில் என் கணவர் தாடையை வைத்தார். டாக்டர் பார்த்துவிட்டு, சரி, எழுந்திருங்கள் என்றார். அடுத்து நான். ஒரு வெளிச்சக் கோடு என் கண்ணுக்குள் வலமும் இடமுமாக நகர்ந்தது. டாக்டர் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார்.

“உங்களுக்கும் இருக்கும்மா” என்றார்.

“என்னது?”

“புரை. உங்க பொண்ணுக்கு இருக்கிற அதே வகை. ரெண்டு கண்ணுலயும் நடுவுல சின்னதா. பிறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். உங்களுக்கு அது பெருசா வளரல. அதான் படிச்சு, வேலை பார்த்து, ஒண்ணும் தெரியாம ஓடிடுச்சு.”

நான் ரவிக்கை தைக்கிறவள். ஊசியில் நூல் கோத்தே வயிறு வளர்த்தவள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று சொன்னேன். கொஞ்சம் சண்டை போடுகிற மாதிரியே சொன்னேன் என்று நினைக்கிறேன். டாக்டர் பொறுமையாக, உச்சி வெயிலில் கண் கூசுமா, எதிரே வண்டி வந்தால் லைட் பரவுமா என்று கேட்டார்.

“பரவும். எல்லாருக்கும் அப்படித்தான?”

அவர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் என் கணவரிடம் கேட்டேன்.

“ஏங்க, பல்பைப் பாத்தா சுத்தி பூ மாதிரி விரியும்லா?”

“எது விரியும்?”

“வெளிச்சந்தான். எதுத்தாப்புல பஸ் வந்தா லைட்டு ரோட்டையே மூடிப் போடும்லா? அது ஒங்களுக்கும் உள்ளதுதான?”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இல்ல ட்டி. பல்பு பல்பாத்தான் தெரியும்.”

முப்பது வயது வரை நான் பார்த்துக்கொண்டிருந்தது எல்லாரும் பார்க்கிற உலகம் இல்லை என்று ஒரு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் எனக்குத் தெரிந்தது. அழுகை வரவில்லை. யாரோ என்னை இத்தனை நாள் ஏமாற்றியது போல இருந்தது. ஆனால் ஏமாற்றியவர் என்று சொல்ல ஒருவரும் இல்லை. மேலே எரிந்த டியூப் லைட்டைப் பார்த்தேன். அதைச் சுற்றி எனக்குப் பழக்கமான அந்த வெள்ளைப் புகை இருந்தது. அது அங்கே இல்லை, எனக்குள் இருக்கிறது.

மறுபடி உள்ளே போய், நான்தான் இதைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது டாக்டர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். “நீங்க ஒண்ணும் கொடுக்கல. மூக்கு, நிறம் வர்ற மாதிரி வந்திருக்கு. உங்களுக்கும் யார்கிட்டயிருந்தோ வந்ததுதான். உங்க வீட்டுல வேற யாருக்காவது சின்ன வயசுலேர்ந்து கண்ணு தெரியாம இருக்கா?”

“எங்க அண்ணனுக்குத் தெரியாது. ஆனா அது அம்மையில போனது.”

“அம்மைன்னு யார் சொன்னாங்க? டாக்டர் பார்த்தாங்களா?”

யார் சொன்னார்கள்? அம்மா சொல்வாள், அப்பா சொல்வார், நான் பிறந்த வடகரையில் எங்கள் தெருவே சொல்லும். மூன்று வயதில் அம்மை வார்த்து இறங்கியபோது பார்வையும் இறங்கிவிட்டது என்று. டாக்டர் பார்த்ததாக யாரும் சொன்னதே இல்லை.

“அவரை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டர்.

ஆனால் அதற்கு முன் மகளின் ஆபரேஷன் வந்துவிட்டது. முதலில் வலது கண், சில நாள் விட்டு இடது. அவ்வளவு சின்ன உடம்பை மயக்க மருந்துக்கு எடுத்துக்கொண்டு போனபோது, நர்ஸ் என் கையிலிருந்து அவளை வாங்கிய விதம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. கடையில் துணிப் பார்சலை வாங்குகிற மாதிரி. கதவு மூடியதும் என் கணவர் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் ஒரு திருகு கழன்றிருக்கிறது என்று இரண்டு மூன்று தரம் என்னிடம் சொன்னார்.

ஆபரேஷன் செய்தால் பெரியவர்களுக்கு வைப்பதுபோல உள்ளேயே லென்ஸ் வைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தோம். இவ்வளவு சின்னக் கண்ணில் இப்போது வைக்க முடியாது, வளர்ந்த பிறகு பார்க்கலாம், அதுவரை கண்ணாடி என்றார்கள். அந்தக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கோலிக்குண்டைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல இருந்தது. இதைத் தூங்குகிற நேரம் தவிர எப்போதும் போட வேண்டும்.

முதன்முதலாக அதை மாட்டியபோது அவள் அழுவாள் என்று தயாராக இருந்தேன். அழவில்லை. அசையாமல் போய்விட்டாள். கண்ணாடிக்குள் அவள் கண் இரண்டும் பெரிதாக, என் முகத்தின் மேல் வந்து நின்றன. அது வரை எந்தப் பார்வையும் என் மேல் அப்படி நின்றதில்லை. சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. யார் இது என்று பார்க்கிற பார்வை.

“நாந்தான் மக்கா, அம்மா” என்றேன்.

குரலைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. என் வாய் அசைவதையே பார்த்தாள். பிறகு கையைக் கொண்டுவந்து உதட்டில் வைத்தாள். பெற்ற பிள்ளைக்கு என்னை நானே அறிமுகப்படுத்திக்கொண்ட அந்த நிமிஷத்தை எங்கே வைப்பதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குப் போனோம். அண்ணன் அங்கேதான் இருந்தான். சீசனில் அருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. மற்ற மாதங்களில் வடகரையில் எங்கள் பழைய வீட்டில் தனியாக இருப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வெளிச்சமும் இருட்டும் அவனுக்குத் தெரியும், முன்னால் ஆள் போனால் நிழலாட்டம் தெரியும். அவ்வளவுதான். அவனிடம் போன் செய்து, பிள்ளைக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மற்றதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நாங்கள் போனபோது பலகையில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். அண்ணன் அவர் முதுகில் இரண்டு கையாலும் எண்ணெயை வழித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. அந்த ஆள் எழுந்து அருவிக்குப் போகிற வரை காத்திருந்தோம். பிறகு அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை வாங்கினான். கண்ணாடியைத் தடவிப் பார்த்தான்.

“என்ன ட்டி இது, இம்புட்டுக் கனமா இருக்கு?”

“அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். பிள்ளைக்கு என்ன வந்தது, எனக்கு என்ன இருக்கிறது, டாக்டர் என்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முதலில் அவன் சிரித்தான், நான் தென்காசி டாக்டரிடம் சிரித்தது போலவே.

“எனக்கு அம்மைல்லா ட்டி.”

“அம்மைன்னு அம்மைதான் சொன்னா. ஒன்னய எந்த டாக்டரும் பாத்தாகளா?”

எங்கள் அம்மாவை அவன் அம்மை என்றுதான் கூப்பிடுவான், நானும் அவனோடு பேசும்போது அப்படியே சொல்வேன். நோய்க்கும் அவளுக்கும் ஒரே சொல்லாக இருப்பது அப்போதுதான் உறைத்தது.

“பாக்கல” என்றான். “வருசா வருசம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவா. வெள்ளியில கண்மலர் வாங்கிச் சாத்துவா. அத என் கையில குடுத்து, கண்ணுல ஒத்திக்கோன்னு சொல்லுவா. ஒத்திக்கிட்டே இருப்பேன்.”

என் கணவர் அவன் தோளில் கையை வைத்தார். “மச்சான், ஒரு தடவை வந்து காட்டிருங்க. நான் கூட்டிட்டுப் போறேன்.”

அண்ணன் முகத்தை என் பக்கம் திருப்பினான்.

“அப்பம், சின்னப் புள்ளையிலயே இத எடுத்துருக்கலாமா?”

அருவிச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அவன் மறுபடி கேட்டான். “இவளுக்கு எடுத்தாப்புல எனக்கும் எடுத்துருக்கலாமா ட்டி?”

“எடுத்துருக்கலாம்ணே” என்றேன்.

அவன் பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். துடைத்த கையிலும் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதைத் தன் முழங்காலில் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே இருந்தான். அடுத்த ஆள் வந்து, அண்ணாச்சி மசாஜ் உண்டா என்று கேட்டார். இன்றைக்கு இல்லை என்று என் கணவர் சொல்லி அனுப்பினார்.

எனக்கு அம்மாவின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. அவள் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அப்பாவும் இல்லை. குத்தகை வயலில் நின்றுகொண்டு, பிள்ளைக்கு மாரியாத்தா கொடுத்தது என்று யாரோ சொன்னதை நம்பி, அதற்குமேல் கேட்கத் தெரியாமல் இருந்துவிட்டார்கள். அம்மாவும் வெயிலில் நெற்றியில் கையை வைத்துத்தான் யாரையும் பார்ப்பாள். ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கிட்டே வரவேண்டும் அவளுக்கு. அவள் கண்ணில் என்ன இருந்தது என்று இனி யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. கோபம் அங்கே வந்து நின்றுவிட்டது. எங்கே கொண்டுபோய் இறக்குவதென்று தெரியவில்லை.

அண்ணனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். அந்த டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, பெரியவர்களைப் பார்க்கும் இன்னொரு டாக்டரிடமும் காட்டினார். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். அம்மையில் கெட்ட கண் என்றால் முன்பக்கக் கண்ணாடிபோன்ற தோலில் தழும்பு இருக்கும், இவருக்கு அங்கே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே லென்ஸ் மட்டும்தான் முழுசாக வெளுத்திருக்கிறது. அது பிறவியிலேயே வந்தது, வீட்டில் பிந்தித்தான் தெரிந்திருக்கும். ஸ்கேனில் பின்பக்க நரம்பும் திரையும் நன்றாகவே இருக்கின்றன. எடுத்துவிடலாம்.

“எடுத்தா தெரியுமா?” என்றான் அண்ணன்.

“வெளிச்சம் நல்லா உள்ள போகும். அதை வெச்சு மூளை எவ்வளவு புரிஞ்சுக்கும்னு எங்களால சொல்ல முடியாது. நாற்பது வருஷத்துக்கு மேல அது சும்மா இருந்திருக்கு. கொஞ்சம் தெரியலாம். ரொம்ப எதிர்பார்க்காதீங்க.”

எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவன் தனியாக அவர்களோடு பேசினான். என்ன பேசினான் என்று இன்று வரை சொல்லவில்லை. வெளியே வந்தவன், “ஒரு கண்ணுல செஞ்சு பாப்போம்” என்றான்.

கட்டுப் பிரித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். நல்ல சிவப்புச் சேலை உடுத்திக்கொண்டு போயிருந்தேன். என்ன நினைப்பில் அதை எடுத்தேனோ. நர்ஸ் பஞ்சை எடுத்ததும் அவன் ‘ஐயோ’ என்று கத்திக்கொண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடினான். வலிக்கிறதா என்று கேட்டோம். வலிக்கவில்லை, வெளிச்சம் அடிக்கிறது என்றான். அறை ஜன்னலை மூடினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விரலை விலக்கினான். அவன் கண் ஒரு இடத்தில் நிற்காமல் இங்கும் அங்குமாக ஆடிக்கொண்டிருந்தது.

“முன்னால என்ன தெரியுது?” டாக்டர் கேட்டார்.

“என்னமோ பெருசா நிக்கி. அடிக்கிற மாதிரி ஒரு கலர்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். பேசினால் கண்டுபிடித்துவிடுவான் என்று பேசவில்லை. ஒரு அடி கிட்டே போனேன். அவன் என் முகம் இருந்த பக்கமே பார்த்தான். வாசல் பக்கம் பார்த்தான். மறுபடி என் பக்கம் பார்த்தான்.

“தங்கச்சி எங்க?” என்றான்.

எனக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டான். “இங்கனதான்ணே நிக்கேன்” என்றதும் அந்தச் சிவப்பு நான்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்த பிறகே அவனுக்கு நிம்மதி வந்தது.

அதற்குப் பிறகு அவன் பார்வை கொஞ்சம் தேறியது. கதவு, பானை, வண்டி, மனுஷன் என்று தெரிகிறது. நிறங்களின் பெயரை என்னிடம் கேட்டுக் கேட்டுப் படித்தான். முகம் மட்டும் பிடிபடவில்லை. எல்லா முகமும் ஒரே மாதிரி இருக்கிறது, இதில் எப்படி ஆளை அறிகிறீர்கள் என்று கேட்கிறான். ஒருநாள் பேரருவிக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து சொன்னான்:

“விழுது விழுதுன்னு சொல்லுதியளே, எனக்கு அது நிக்கத்தான செய்யுது. காதுலதான் விழுது. கண்ணுல வெள்ளையா நிக்கி.”

இன்னொரு கண்ணுக்குச் செய்ய அவன் ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் தேய்க்கும்போது இப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறான். திறந்தால் கை தப்புகிறதாம். அதைச் சொல்லிச் சிரிக்கிறான். சில நேரம் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். ஆபரேஷன் செய்தது நல்லதா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தைரியம் எனக்கில்லை.

மகளுக்கு வேறு கதை. ஆபரேஷனோடு முடிந்தது என்று நினைத்தோம், அது தொடக்கம்தான். வலது கண்ணில் புரை அதிகமாக இருந்ததால் அது சோம்பிக் கிடந்தது. அதை வேலை வாங்க, நன்றாகத் தெரிகிற இடது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் பிளாஸ்திரி போட்டு மூட வேண்டும். தெரிகிற கண்ணை மூடி, தெரியாத கண்ணோடு பிள்ளையை விட வேண்டும். ஒரு வயதில் அவள் அதைப் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள். நான் ஒட்ட ஒட்ட அவள் அலறுகிற சத்தத்துக்கு, பக்கத்து வீட்டு மதினி ஓடிவந்து, “புள்ளைய என்ன பாடு படுத்துதிய?” என்று என்னைத் திட்டினாள். விஷயத்தைச் சொன்னேன். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்குத் தன் வீட்டுக் கோழிக்குஞ்சுகளைக் கூடையில் எடுத்துவந்து பிள்ளை முன்னால் விட்டாள். மகள் தெரியாத கண்ணோடு குஞ்சுகளைத் துரத்தத் தொடங்கினாள். அது வேலை செய்தது.

இரண்டரை வயதில் ஒரு பரிசோதனையின்போது, வலது கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கிறது என்றார்கள். சின்ன வயதில் ஆபரேஷன் செய்த கண்களில் இப்படி வரும், எப்போது வேண்டுமானாலும் வரும், அதனால்தான் ஆயுசுக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னது காதில் விழுந்திருந்தது, மனசில் ஏறவில்லை. இப்போது காலையும் மாலையும் சொட்டு மருந்து. அந்தக் கண்ணில் பெரிய பெரிய படங்கள்தான் தெரிகின்றன. இடது கண் நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூடம் போக, படிக்க, எதற்கும் தடை இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ரயிலில் வரும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வேன்.

போன சீசனில் ஒரு காலை, அண்ணனைப் பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வயது முடிந்திருந்தது. ராத்திரி முழுக்கச் சாரல் பெய்து, அப்போதுதான் வெயில் அடித்திருந்தது. நனைந்த தரையெல்லாம் பளபளத்து எனக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை. என் புரையையும் எடுத்துவிடலாம், அவசரமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அண்ணன் பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எங்களுக்கு முன்னால் நின்று, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, குட்டி!” என்றாள்.

“எங்க மக்கா?”

“மரத்துல. குரங்கு குட்டி. அம்மா மடியில இருக்கு.”

நிமிர்ந்து பார்த்தேன். மரம் முழுவதும் ஒரே வெள்ளை வெளிச்சமாகக் கலங்கியிருந்தது. நெற்றியில் கையை வைத்துப் பார்த்தேன். கிளைகூடத் தனியாகத் தெரியவில்லை. அண்ணனும் டீ டம்ளரை இறக்கிவிட்டு முகத்தைத் தூக்கினான்.

“எங்க ட்டி இருக்கு?” என்று என்னிடம் கேட்டான்.

“எனக்குத் தெரியலண்ணே.”

பக்கத்துப் பலகையில் இருந்தவரைக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “ஆமா, உச்சிக் கொம்புல தாயும் குட்டியுமா இருக்கு. இத இந்தப் புள்ளையா பாத்துச்சு?” என்றார்.

அந்தக் கண்ணுக்குள் வெளிச்சம் போகுமா என்று அந்தச் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் நின்ற இரண்டு பேரில் ஒருத்தி நான். என் கணவருக்குப் போன் போட்டேன். ஏணி மேல் நிற்கிறேன் என்றார். இறங்குங்கள், சொல்கிறேன் என்றேன்.

மகளுக்கு எங்கள் மேல் பொறுமை போய்விட்டது. என் தாடையை ஒரு கையாலும் மாமன் தாடையை இன்னொரு கையாலும் பிடித்து மேலே திருப்பினாள்.

“அங்கன பாருங்க. அங்கன! அது வாலு ஆட்டுது.”

“ஆட்டட்டும், ஆட்டட்டும்” என்றான் அண்ணன். “நீ சொல்லு, பெறவு அது என்ன செய்யுது?”

அவள் சொல்லத் தொடங்கினாள்.